ஆதாம் செய்ததற்கு என் பேரன் என்ன செய்வான்?

வாசகர் கேள்வி - பதில்

பிறவியோடு வரும் பாவம், சிலுவையால் வரும் மீட்பு ஆகியவை பற்றி இந்த மாதம் வந்த கடிதங்கள் மட்டுமே இங்கே. சபைக்குச் சபை சொற்கள் மாறும். ஜென்ம பாவம், ஆதிப் பாவம், பிறவிப் பாவம் மூன்றும் ஒன்றே. புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 'நீதிமானாக்கப்படுதல்' என்று வருவது கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் 'ஏற்புடையவராக்கப்படுதல்' என்று வரும்; கடவுள் பாவியை மன்னித்துத் தமக்கு உகந்தவராக்குவதே இரண்டின் பொருளும். கேட்டவர் எந்தச் சொல்லில் கேட்டாரோ அதிலேயே பதில் சொல்கிறோம்.

கேள்வி: என் மருமகள் கத்தோலிக்கப் பெண். பேரனுக்கு இரண்டு மாதம். ஜென்ம பாவம் நீங்க ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்கிறாள். பால்குடி மறக்காத பிள்ளை என்ன பாவம் செய்தது? நாங்கள் சைவர்கள். நாங்கள் ஆணவ மலம் என்பதைத்தான் அவர்களும் சொல்கிறார்களா?
- வாசகி, செந்தூல்

பதில்: உங்கள் பேரன் எந்தப் பாவமும் செய்யவில்லை, அம்மா. மருமகளின் சபையே இதை எழுதி வைத்திருக்கிறது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் 404, 405-ஆம் பத்திகளைப் பாருங்கள். ஜென்ம பாவம் ஒருவர் செய்த செயல் அல்ல, அவர் பிறந்திருக்கும் நிலை. ஆதாமின் வழிவந்த யாருக்கும் அது சொந்தக் குற்றம் ஆகாது என்று அங்கே இருக்கிறது. மனிதன் கடவுளோடு நெருங்கி வாழப் படைக்கப்பட்டான், அந்த நெருக்கத்தை இழந்தான், இழந்த பிறகு பிறந்த எல்லாரும் அது இல்லாமலே பிறக்கிறோம் என்பதுதான் போதனை. அதோடு சாவும், தன்னையே நாடும் மனச்சாய்வும் சேர்ந்து வருகின்றன. லுத்தரன், சீர்திருத்த சபைகள் இன்னும் கடுமையாகப் பேசும். 1530-இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 2-ஆம் பிரிவு இந்த நிலையை மெய்யாகவே பாவம் என்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் மலையாளிகள் நடத்தும் ஓர்த்தடாக்ஸ் சபையைப் போன்ற கிழக்கத்திய சபைகளோ, ஆதாமிடமிருந்து வருவது சாவும் பலவீனமும்தான், குற்றம் வராது என்பார்கள். எந்தச் சபையும் குழந்தை தீமை செய்தது என்று சொல்லவில்லை.

ஆணவ மலத்தோடு ஒப்பிட்டீர்களே, அது நல்ல கேள்வி. பலர் ஜென்ம பாவத்தைக் கன்மத்தோடு சேர்த்துக் குழப்புவார்கள். கன்மம் அந்தந்த உயிர் செய்த வினையின் பயன். கிறிஸ்தவத்தில் முற்பிறவி கிடையாது என்பதால் அந்தக் கணக்குக்கே இடமில்லை. ஆணவம் வேறு. செயலுக்கு முன்பே ஒட்டியிருப்பது, செம்பில் களிம்பு போல உயிரை மறைப்பது, தன் முயற்சியால் மட்டும் கழுவ முடியாதது, திருவருளால் நீங்க வேண்டியது என்று சைவ சித்தாந்தம் சொல்லும் அளவுக்கு இரண்டும் அருகருகே நிற்கின்றன.

பிரியும் இடங்கள் இரண்டு. சித்தாந்தத்தில் ஆணவம் அனாதி. அது இல்லாமல் உயிர் இருந்த காலமே இல்லை. கிறிஸ்தவத்தில் பாவத்துக்குத் தொடக்கம் உண்டு. ஆதியாகமம் 1:31 படைப்பு மிகவும் நன்றாயிருந்தது என்கிறது, 3-ஆம் அதிகாரத்தில்தான் பாவம் நுழைகிறது. ஆகவே பாவம் மனித இயல்பின் பகுதி அல்ல, இயல்புக்கு நேர்ந்த சேதம். அடுத்தது, சித்தாந்தத்தில் இருவினையொப்பும் (நல்வினை, தீவினை இரண்டையும் சமமாகக் காணும் நிலை) மலபரிபாகமும் (மலம் கழலும் பக்குவம்) வந்த உயிரிடம் சத்திநிபாதம், அதாவது திருவருள் பதிதல், நிகழ்கிறது. அப்போஸ்தலர் பவுலோ ரோமர் நிருபம் 5:8-இல், நாம் பாவிகளாய் இருக்கும்போதே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறார்; பக்குவத்துக்காகக் காத்திருக்காத அருள் அது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதன் காரணமும் அதுதான். ஒன்றும் செய்ய இயலாத பிள்ளைக்கே முதலில் கொடுக்கிறார்கள்.

நடைமுறை: கத்தோலிக்கச் சட்டப்படி பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், பிள்ளை அந்த விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கையும் இருக்க வேண்டும். பிறந்த சில வாரங்களிலேயே கொடுப்பது வழக்கம். ஞானப்பெற்றோராக ஒருவர் போதும். அவர் பெற்ற தாயோ தகப்பனோ ஆகக்கூடாது, 16 வயது நிரம்பிய, உறுதிபூசுதல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பாட்டியாகிய நீங்கள் அந்த இடத்தில் நிற்க முடியாது. ஆனால் சடங்குக்கு வரவோ பிள்ளையைத் தூக்கிக்கொள்ளவோ தடையே இல்லை.

கேள்வி: எங்கள் தாத்தா தோட்டத்தில் மாந்திரீகம் செய்தவர். அப்பாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு), அண்ணனுக்குக் குடி, எனக்குக் கடன். நான்கு தலைமுறைக்குக் குடும்பப் பட்டியல் எழுதி வரச் சொல்கிறார் ஓர் ஊழியர். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி ஜெபம், தனித்தனி காணிக்கை. பிறவிப் பாவம் உண்மையென்றால் தலைமுறைச் சாபமும் உண்மைதானே?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இல்லை ஐயா. முதலில் அந்தக் காணிக்கையை நிறுத்துங்கள். விளக்கத்தைப் பிறகு படிக்கலாம்.

இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றுக்கொன்று எதிரானவை. பிறவிப் பாவம் ஆதாம் வழியாக எல்லாருக்கும் வந்தது. பட்டர்வொர்த்தில் மந்திரவாதியின் பேரனுக்கும் ஆயரின் பேரனுக்கும் அது ஒரே அளவுதான். அதற்குச் சிலுவை ஒன்றே மருந்து. தலைமுறைச் சாபப் போதனையோ உங்கள் குடும்பத்தை மட்டும் பிரித்து வைக்கிறது. ஞானஸ்நானம் பெற்று விசுவாசித்த பிறகும் ஏதோ ஒரு பாக்கி இருப்பதாகச் சொல்கிறது. அந்தப் பாக்கியை வசூலிக்க ஓர் ஊழியர் தேவைப்படுகிறார்.

அவர்கள் பிடித்துக்கொள்ளும் வசனம் யாத்திராகமம் 20:5. பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கிறவர் என்று அங்கே இருப்பது உண்மை. ஆனால் அதே வரியில் 'என்னைப் பகைக்கிறவர்களை' என்றும் இருக்கிறது. மனந்திரும்பிய பேரனைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. அடுத்த வசனம் இரக்கத்தை ஆயிரங்களுக்கு நீட்டுகிறது. மேலும் அன்றைய இஸ்ரவேல் வீட்டில் மூன்று நான்கு தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தது. மூத்தவர் விக்கிரகத்தை நட்டால் அந்த வீடு முழுவதும் அதில் இழுபட்டது.

அந்த வசனத்தைத் தவறாகப் புரிந்தவர்களுக்கு வேதமே பதில் எழுதியிருக்கிறது. பிதாக்களுக்காகப் பிள்ளைகளைக் கொல்லக்கூடாது என்று உபாகமம் 24:16 கட்டளையிடுகிறது. அதைக் காட்டித்தான் அமத்சியா ராஜா, தன் தகப்பனைக் கொன்றவர்களின் பிள்ளைகளை உயிரோடு விட்டான் (2 இராஜாக்கள் 14:6). பிதாக்கள் திராட்சக்காய் தின்ன, பிள்ளைகளின் பல் கூசிப்போயிற்று என்று மக்கள் பழமொழி பேசியபோது, இனி இஸ்ரவேலில் இதைச் சொல்லவே கூடாது என்று எசேக்கியேல் 18 தடுக்கிறது. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டதற்கு இயேசு இரண்டையும் மறுத்தார் (யோவான் 9:3). சாபம் என்றே பேச வேண்டுமானால் கலாத்தியர் 3:13 போதும்: கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, நம்மை அதிலிருந்து மீட்டுக்கொண்டார். அதில் தாத்தாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று பிரிவு இல்லை.

கத்தோலிக்கரிடையேயும் 'குடும்ப மரத்தைக் குணப்படுத்தும்' வழிபாடுகள் பரவின. போலந்து ஆயர் பேரவை 2015-இல் அவற்றைத் தடைசெய்தது. ஸ்பெயின் ஆயர் பேரவையும் 2024-இல் அவற்றை எதிர்த்துக் கோட்பாட்டுக் குறிப்பு வெளியிட்டது. பாவம் தலைமுறை வழியாகக் கடப்பது ஜென்ம பாவம் ஒன்றில்தான், அதுவும் ஞானஸ்நானத்தோடு தீர்ந்தது என்பதே அவர்கள் காட்டிய காரணம்.

இந்தப் போதனை ஏன் இவ்வளவு பரவுகிறது? துன்பத்துக்கு உடனே ஒரு காரணம் கொடுக்கிறது, கையில் ஒரு வேலையும் கொடுக்கிறது. பலன் வராவிட்டால் அம்மா வழித் தாத்தாவை விட்டுவிட்டீர்கள் என்பார்கள். அவரையும் சேர்த்தால் ஐந்தாம் தலைமுறை என்பார்கள். நான்கு தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 30 முன்னோர் வந்துவிடுகிறார்கள். இதற்கு முடிவே கிடையாது.

குடும்ப வழியாக வருவது எதுவுமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. இனிப்பு நீர் குடும்பத்தில் ஓடும் நோய்தான். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் வெறும் வயிற்றில் ரத்தம் பாருங்கள்; 7.0 மில்லிமோலும் அதற்கு மேலும் இருந்தால் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். அண்ணனின் குடிக்கு மருத்துவரும், குடியை விட்டவர்கள் கூடும் குழுவும் தேவை. கடனுக்கு ஏ.கே.பி.கே. இருக்கிறது. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய அந்த நிறுவனம் இலவசமாகவே ஆலோசனை சொல்கிறது. தாத்தாவின் தகடோ ஏடோ வீட்டில் மிச்சமிருந்தால் எரித்துவிடுங்கள். அப்போஸ்தலர் 19:19-இல் எபேசு மக்கள் அதைத்தான் செய்தார்கள். உங்கள் சபைப் போதகரோடு ஒருமுறை ஜெபியுங்கள். அவர் பணம் கேட்டால் அப்போஸ்தலர் 8:20-ஐ வாசித்துக் காட்டலாம்; தேவனுடைய வரத்தைப் பணத்தால் வாங்க நினைத்தவனை பேதுரு கண்டித்த வசனம் அது.

கேள்வி: நான் கத்தோலிக்கர், மனைவி லுத்தரன். இரண்டு கோயிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே. ஞானஸ்நானத்தோடு ஜென்ம பாவம் முழுக்கப் போய்விட்டது என்று நான் படித்தேன். சாகும்வரை நாம் பாவிகளே என்று அவள் படித்திருக்கிறாள். யார் சரி?
- வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: நீங்கள் இருவரும் பாடத்தைச் சரியாகவே படித்திருக்கிறீர்கள், ஆனால் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வைத்துக்கொண்டு வாதாடுகிறீர்கள். அந்தப் பொருள் இச்சை: ஞானஸ்நானத்துக்குப் பிறகும் உள்ளே எஞ்சும் தீய சாய்வு. அது எஞ்சுகிறது என்பதில் இரு சபைக்கும் சண்டையே இல்லை. ஜூன் 1546-இல் திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கப் பொதுச்சங்கம், ஞானஸ்நானத்தில் குற்றம் முழுவதும் நீங்குகிறது, எஞ்சும் சாய்வு பாவத்திலிருந்து வந்தது, பாவத்துக்கு இழுப்பது, ஆனால் அதுவே சரியான பொருளில் பாவம் அல்ல என்றது. லுத்தர் வழியினர் அந்தச் சாய்வையே பாவம் என்பார்கள். கிறிஸ்துவின் நிமித்தம் கடவுள் அதைக் கணக்கில் வைப்பதில்லை என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

அன்றாட வாழ்க்கையில் வித்தியாசம் இப்படி வரும்: அலுவலகத்தில் ஒருவர் மேல் பொறாமை பொங்குகிறது. நீங்கள் அதை ஏற்காமல் தள்ளிவிடுகிறீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் அதைப் பாவமாகச் சொல்லத் தேவையில்லை, மனம் இசைந்தால்தான் பாவம் என்று உங்கள் குருவானவர் சொல்வார். உங்கள் மனைவியோ ஞாயிறு ஆராதனையின் பாவ அறிக்கையில் அந்தப் பொங்குதலையே அறிக்கையிட்டு, மன்னிப்பின் வார்த்தையைக் கேட்டுவிட்டு வருவார். கத்தோலிக்கர் தவறாகப் போனால், தள்ளினேனா இசைந்தேனா என்று ஓயாமல் தன்னையே குடைவார். லுத்தரன் தவறாகப் போனால், எப்படியும் பாவிதானே என்று போராட்டத்தையே விட்டுவிடுவார். வீட்டில் இரண்டு பேரும் இருப்பதால் ஒருவரை ஒருவர் திருத்தலாம். இது கலப்பு மணத்தின் பாக்கியம் என்றே நினைக்கிறோம்.

நீதிமானாக்கப்படுதல் பற்றியும் ஒரு வார்த்தை. கத்தோலிக்கர் நற்செயலால் மோட்சத்தைச் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள் என்று புராட்டஸ்டன்ட் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். இது நியாயமில்லை. ஜனவரி 1547-இன் திரெந்து ஆணை, 8-ஆம் அதிகாரத்தில், நீதிமானாக்கப்படுதலுக்கு முன் வரும் எதுவும், விசுவாசமானாலும் செயலானாலும், அந்த அருளைச் சம்பாதிப்பதில்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. உண்மையான வேறுபாடு வேறு இடத்தில். கிறிஸ்துவின் நீதி நம் பெயரில் எண்ணப்படுகிறது என்று லுத்தர் வழி அழுத்திச் சொல்கிறது. அந்த நீதி நமக்குள் ஊற்றப்பட்டு நம்மை மாற்றுகிறது என்று ரோம் அழுத்திச் சொல்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், புனித அன்னா ஆலயத்தில், லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. கிருபையால் மட்டுமே, நம் தகுதியால் அல்லாமல், கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். அந்தக் கிருபையே நம்மைப் புதுப்பித்து நற்செயலுக்கு அனுப்புகிறது என்று இருவரும் ஒன்றாக அறிக்கையிட்டார்கள். மெதடிஸ்டுகள் 2006-இல் சேர்ந்தார்கள், சீர்திருத்த சபைகள் 2017-இல். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் 16-ஆம் நூற்றாண்டின் கண்டனங்கள் இந்தப் போதனையைத் தொடமாட்டா என்று ஏற்றுக்கொண்டார்கள்.

பிள்ளைக்கு எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தாலும், தண்ணீரும் திரித்துவப் பெயரும் முறையாக இருந்தால் மற்றதும் அதை ஏற்கும். இரண்டு தரம் கொடுக்கக் கூடாது.

கேள்வி: மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். குறைமாதக் குழந்தை ஆபத்தில் இருக்கும்போது குருவானவர் வந்து சேர நேரம் இருக்காது. பெற்றோர் கேட்டால் நான் ஞானஸ்நானம் கொடுக்கலாமா?
- வாசகி, குளுகோர்

பதில்: கொடுக்கலாம். அவசரத்தில் சரியான நோக்கமுள்ள யாரும் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்கச் சட்டம். லுத்தரன் சபையிலும் அவசரத்தில் பொதுநிலையினர் கொடுப்பது செல்லும். ஆனால் பெற்றோர் தாமாகக் கேட்டிருக்க வேண்டும், பணியிலுள்ள மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் இதில் சிறு தவறும் பெரிய வழக்காகும்.

கிருமி நீக்கிய தண்ணீரை உடல் சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் 2, 3 மில்லிலிட்டர் போதும். குழாய்களும் உணர்கருவிகளும் நனையாத இடமாக நெற்றியில் ஊற்றுங்கள். ஈரப் பஞ்சால் தொட்டால் போதாது, தண்ணீர் தோலில் ஓட வேண்டும். பெயர் சொல்லி, 'நான் உன்னைத் தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே திருமுழுக்காட்டுகிறேன்' என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை ஊற்றுங்கள். சொல்பவரும் ஊற்றுபவரும் ஒருவரே. 'நான்' என்பதை 'நாங்கள்' என்று மாற்றக்கூடாது. அப்படிக் கொடுத்தது செல்லாது என்று வத்திக்கான் 2020-இல் தீர்ப்பளித்தது. கொடுப்பவர் கிறிஸ்துவே, அங்கே கூடியிருக்கும் குழு அல்ல என்பது காரணம்.

பிறகு குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், தேதி, நேரம், கொடுத்தவர் பெயர், சாட்சி ஒருவர் பெயர் ஆகியவற்றை எழுதிப் பங்குக் குருவிடம் சேர்ப்பியுங்கள். பதிவேட்டில் ஏற வேண்டும். பிள்ளை பிழைத்தால் எண்ணெய் பூசுதல், வெள்ளாடை, மெழுகுவர்த்தி ஆகியவை கோயிலில் நடக்கும். தண்ணீர் மறுபடி ஊற்ற மாட்டார்கள்.

உயிர் பிரிந்த பின் கொடுப்பதில்லை. அந்தத் தாயிடம், பிள்ளை எங்கோ இருட்டில் கிடக்கிறது என்று யாரும் சொல்ல விடாதீர்கள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் மோட்சம் சேராமல் லிம்போ என்ற இடத்தில் தங்குகிறார்கள் என்பது ஒருகாலத்தில் இறையியலார் சொன்ன கருத்து. திருச்சபை அதை ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கவில்லை. மறைக்கல்வி நூல் 1261-ஆம் பத்தியில் அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. 2007-இல் வந்த வத்திக்கான் இறையியல் ஆணையத்தின் ஆவணம், அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணம் உண்டு என்றது.

கேள்வி: எங்கள் புலாவ் தீக்குஸ் கோயில் அமலோற்பவ மாதா, அதாவது ஜென்ம பாவம் இல்லாமல் உருவான மாதா, பெயரில் இருக்கிறது. மரியாவுக்கு ஜென்ம பாவம் இல்லையென்றால் அவருக்கு மீட்பர் தேவைப்படவில்லையா?
- வாசகி, பினாங்கு

பதில்: தேவைப்பட்டார். 1854 டிசம்பர் 8-இல் போப் ஒன்பதாம் பயஸ் அறிவித்த கோட்பாடு, கிறிஸ்துவின் பேறுபலனை முன்னிட்டே மரியா தம் தாயின் கருவில் உருவான கணம்முதல் காக்கப்பட்டார் என்கிறது. மற்றவர் விழுந்தபின் தூக்கப்படுகிறார்கள், அவர் விழாமல் தாங்கப்பட்டார். இயேசு கன்னியிடம் பிறந்ததோடு இதைக் குழப்ப வேண்டாம்; இது மரியா உருவானதைப் பற்றியது. வேதத்தில் நேரடிச் சான்று இல்லை என்பதால் புராட்டஸ்டன்ட் சபைகள் ஏற்பதில்லை.

கேள்வி: ஒருவர் செய்த பாவத்துக்கு எல்லாரும் பொறுப்பு, ஒருவர் செத்ததால் எல்லாரும் நீதிமான்கள். இரண்டுமே அநியாயம் இல்லையா? கோபத்தில் இருக்கும் தகப்பன் சொந்த மகனை அடித்து ஆறுதல் அடைவது அன்பா?
- கல்லூரி மாணவர், செராஸ்

பதில்: நீங்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டதே பாதிப் பதில், தம்பி. பவுல் ரோமர் 5:12 முதல் 21 வரை அதைத்தான் செய்கிறார். ஒவ்வொரு மனிதனும் தனித் தீவு என்று வைத்துக்கொண்டால் ஆதாமின் விழுகை நம்மைத் தொடக்கூடாது. அப்போது கிறிஸ்துவின் கீழ்ப்படிதலும் நம்மைத் தொட வழியில்லை. மனிதகுலம் ஒரு தலையின் கீழ் இணைந்த ஒரே உடல் என்றால் இரண்டும் நிற்கும். அவரவர் கணக்கு அவரவருக்கு என்று கடவுள் தனித்தனியாகப் பார்த்திருந்தால், உங்களுக்கும் எங்களுக்கும் அது லாபமாக முடிந்திருக்காது. அதோடு பவுல் இரண்டையும் சமமாக நிறுத்தவில்லை. ஒரு மீறுதலால் ஆக்கினை (தண்டனைத் தீர்ப்பு) வந்தது, அநேக மீறுதல்களுக்குப் பின் கிருபை வந்தது, ஆகவே கிருபை மிகுதியானது என்று 16-ஆம் வசனத்தில் தராசைச் சாய்க்கிறார்.

மகனை அடிக்கும் தகப்பன் என்ற சித்திரம் தவறு. அதற்கு மேடைப் பிரசங்கங்கள் பெரும்பங்கு பொறுப்பு. ரயிலைக் காப்பாற்ற, தண்டவாளத்தில் சிக்கிய மகனைப் பலிகொடுத்த ரயில் பாலக் காவலாளியின் கதை இன்னும் நம் சபைகளில் ஓடுகிறது. அந்தக் கதையில் மகனுக்கு ஒன்றும் தெரியாது, அவன் சம்மதிக்கவும் இல்லை. சுவிசேஷத்திலோ, ஒருவனும் என் ஜீவனை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளான், நானே அதைக் கொடுக்கிறேன் என்கிறார் இயேசு (யோவான் 10:18). 2 கொரிந்தியர் 5:19-இன்படி தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்துகொண்டே உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார். மூன்றாவது ஆள் ஒருவரைப் பிடித்துத் தண்டிக்கவில்லை. நியாயாதிபதியே குற்றவாளியின் இடத்தில் வந்து நிற்கிறார். சிலுவையால் கடவுளுக்கு அன்பு பிறக்கவில்லை. அன்பினால்தான் சிலுவை வந்தது.

அப்படியானால் சும்மா மன்னித்திருக்கலாமே? ரோமர் 3:25, 26 இதற்கென்றே எழுதப்பட்டவை. பாவத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அநியாயம் செய்யப்பட்டவனுக்கு நியாயம் இல்லை. எல்லாரையும் தண்டித்தால் யாரும் மிஞ்சமாட்டார்கள். தாம் நீதியுள்ளவராக இருந்துகொண்டே விசுவாசிக்கிறவனை நீதிமானாக்கும் வழியாக, கிறிஸ்துவைக் கிருபாதாரபலியாக (பாவத்தைப் போக்கும் பலியாக) ஏற்படுத்தினார் என்கிறார் பவுல். பின்னணியில் லேவியராகமம் 16 இருக்கிறது. பாவநிவாரண நாளில் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள். ஒன்று கொல்லப்பட்டு அதன் இரத்தம் திரைக்கு உள்ளே, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியாகிய கிருபாசனத்தண்டை தெளிக்கப்படும். மற்றது போக்காடு, ஆசாரியன் அதன் தலைமேல் கைகளை வைத்து ஜனத்தின் அக்கிரமங்களை அறிக்கையிட்டபின் வனாந்தரத்துக்குப் போகும். பாவம் மூடவும் படுகிறது, அகற்றவும் படுகிறது. சிலுவையில் இரண்டும் ஒரே இடத்தில்.

வேதம் வேறு படங்களையும் தருகிறது: அடிமையை மீட்கும் விலை (மாற்கு 10:45), வெற்றி ஊர்வலம் (கொலோசெயர் 2:15). கடவுளின் மாண்புக்கு ஈடு என்ற விளக்கத்தைக் கான்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098 வாக்கில் முடித்தார். தண்டனையை மாற்றாள் ஏற்கும் விளக்கத்தை 16-ஆம் நூற்றாண்டில் கால்வின் விரித்தார். இவற்றில் இதுதான் என்று எந்த உலகப் பொதுச்சங்கமும் ஒன்றை மட்டும் கட்டாயமாக்கவில்லை. எங்கள் கருத்து: நீதிமன்றப் படத்தைத் தள்ளிவிட்டால் ரோமர் நிருபம் புரியாது, அதை மட்டுமே வைத்துக்கொண்டால் உயிர்த்தெழுதல் வெறும் பின்குறிப்பாகிவிடும். ரோமர் 4:25-ஐப் பாருங்கள்: நாம் நீதிமான்களாக்கப்படுவதற்காக அவர் எழுப்பப்பட்டார். பெரிய வெள்ளிக்கு நிரம்பும் நம் கோயில்கள் பலவற்றில் இந்த வசனம் பேசப்படுவதே இல்லை.

கேள்வி: மனிதன் நீதிமானாக்கப்படுவது விசுவாசத்தினால் என்கிறார் பவுல், கிரியைகளினாலேயும் என்கிறார் யாக்கோபு. இருவரும் ஆபிரகாமையே காட்டுகிறார்களே?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: இருவரும் ஆபிரகாமின் வாழ்க்கையில் வெவ்வேறு ஆண்டுகளைக் காட்டுகிறார்கள். ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்பது ஆதியாகமம் 15:6. அப்போது மூத்த மகன் இஸ்மவேல் பிறக்கவில்லை. அவன் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது. விருத்தசேதனம் 99 வயதில். ஆக நீதிமான் என்று எண்ணப்பட்டதற்கும் சடங்குக்கும் நடுவே 13 ஆண்டுக்குக் குறையாத இடைவெளி. பவுல் ரோமர் 4:10-இல் கட்டும் வாதம் முழுவதும் இந்தக் கணக்கில் நிற்கிறது. யாக்கோபு 2:21 காட்டுவது மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தை; ஈசாக்கு பிறந்ததே ஆபிரகாமின் 100-ஆம் வயதில். முன்பே பெற்ற விசுவாசம் உயிரோடு இருந்தது என்று அந்தச் செயல் காட்டிற்று. பவுல் எதிர்ப்பது சடங்கைக் காட்டி உரிமை கேட்பவர்களை. யாக்கோபு எதிர்ப்பது, உடையில்லாத சகோதரனிடம் 'குளிர்காய்ந்து பசியாறு' என்று வாயால் வாழ்த்திவிட்டுப் போகிறவர்களை. கிருபை பெருகப் பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்று ரோமர் 6:1-இல் கேட்ட பவுலும் அவர்களை விட்டுவைத்திருக்கமாட்டார்.

கேள்வி: கூட்டு (சீட்டு) பிடித்தவரிடம் 6,000 வெள்ளி (ரிங்கிட்) இழந்தேன். இப்போது அவர் மனந்திரும்பிச் சபையில் சாட்சி சொல்கிறார். பணத்தைக் கேட்டால், 'ஆண்டவர் என்னை நீதிமானாக்கிவிட்டார், பழையதைப் பேசாதீர்கள் அக்கா' என்கிறார். நானும் விசுவாசிதான். கேட்பது தப்பா?
- வாசகி, கெப்போங்

பதில்: தப்பே இல்லை. கடவுளின் முன் அவருடைய குற்றம் மன்னிக்கப்பட்டிருக்கலாம். உங்களுக்குத் தர வேண்டியதைக் கடவுள் உங்கள் கையிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்துவிடவில்லை. வரி வசூலித்த சகேயு இரட்சிப்பைப் பெற்ற அன்றே, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புகிறேன் என்றான் (லூக்கா 19:8). லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. உங்கள் கணக்கில் 6,000-க்கு மேல் 1,200, ஆக 7,200 வெள்ளி. அந்தச் சட்டம் இன்று வரிக்கு வரி நம்மைக் கட்டாது, ஆனால் மனந்திரும்பியவருக்கு அளவு தெரிய வேண்டுமே. கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 1459-ஆம் பத்தி, பாவமன்னிப்பு பாவம் விளைத்த சேதத்தை எல்லாம் சரிசெய்துவிடுவதில்லை, திருடியதைத் திருப்புவது போன்றவற்றைச் செய்தே ஆகவேண்டும் என்கிறது. எந்தச் சபை மேய்ப்பரும் இதை மறுக்க முடியாது.

நீங்கள் அவரை மன்னிக்கலாம், மன்னிக்கவும் வேண்டும். மன்னிப்பது பகையை விடுவது. பணத்தை விடுவது வேறு முடிவு. அது உங்கள் விருப்பம், அவர் உங்களிடம் வசூலிக்கும் கடமை அல்ல.

முதலில் தனியாகக் கேளுங்கள், பிறகு இரண்டொரு சாட்சிகளோடு, பிறகு சபை மூப்பர்களிடம்; மத்தேயு 18:15 முதல் 17 வரை உள்ள வரிசை இது. மொத்தமாகத் தரமுடியாது என்றால் தவணை கேளுங்கள். மாதம் 300 வெள்ளி என்றால் 7,200-ஐ 24 மாதத்தில் முடிக்கலாம். தொகை, தேதி, இரண்டு கையெழுத்து எல்லாம் தாளில் இருக்கட்டும். ரொக்கமாக வாங்காமல் வங்கி வழியாக வாங்குங்கள். உங்களுக்குத் தராமல் அவர் சபைக்குக் காணிக்கை கொடுத்துக்கொண்டே இருந்தால் மத்தேயு 5:23, 24-ஐ மூப்பர்களே காட்ட வேண்டும். காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறது அது.

சட்டப்படி போவதற்கு முன் ஒன்று கவனியுங்கள். கூட்டு நடத்துவதே 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆகவே போலீஸ் புகார் எழுதுவதற்கு முன், கையிலுள்ள ரசீது, வாட்ஸ்அப் செய்தி, வங்கிப் பதிவு ஆகியவற்றோடு கோலாலம்பூரில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கடைசித் தவணை வரும்வரை அவர் சாட்சி சொல்ல மேடை ஏற வேண்டாம் என்று மூப்பர்களிடம் நீங்கள் கேட்கலாம். அவர்கள் மறுக்க எந்தக் காரணமும் இல்லை.